சாலைப் பள்ளத்தைச் செல்போன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சாலைப் பள்ளங்களைப் பற்றி யாரும் புகார் கொடுக்காமலே நகர நிர்வாகத்துக்குத் தெரிய வழியுண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. வண்டிக்குள் இருக்கும் செல்போனே போதும்.

போனைப் படுக்கவைத்தால் திரையும் கூடவே திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்வது முடுக்கமானி. மேல்-கீழ், இட-வலம், முன்-பின் என மூன்று திசைகளிலும் ஏற்படும் குலுக்கலை அது அளக்கிறது. இடத்தை ஜிபிஎஸ் சொல்லிவிடும். சரி, ஆனால் குலுங்குவதெல்லாம் பள்ளமா? வேகத்தடையிலும் வண்டி குலுங்கும், கதவை அடித்துச் சாத்தினாலும் குலுங்கும்.

2008-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள பாஸ்டன் நகரப் பகுதியில் 7 டாக்சிகளில் அதிர்வை அளக்கும் உணரிகளைப் பொருத்தி இதற்கு விடை தேடினார்கள். வண்டி நிற்கும்போது வந்த அதிர்வு என்றால் கதவுதான், தள்ளிவிடலாம். அடுத்த வடிகட்டிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேகத்தடையிலும், ரயில் பாதையைக் கடக்கும்போதும், பாலத்தின் இணைப்பில் ஏறும்போதும் இடது, வலது சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே அடி வாங்கும். வண்டி நேராகத் தூக்கிப் போடும். பள்ளத்திலோ பெரும்பாலும் ஒரு பக்கச் சக்கரம்தான் இறங்கும். அப்போது வண்டி பக்கவாட்டிலும் ஆடும். ஆக, மேல்-கீழ் அதிர்வோடு ஒப்பிடும்போது பக்கவாட்டு ஆட்டம் மிகக் குறைவு என்றால் அது பள்ளமாக இருக்காது! வேகமாகப் போனால் சின்ன மேடுகூடப் பலமாக உலுக்கும் என்பதால் வேகத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். அப்புறமும் மிஞ்சும் பிழைகளைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். தற்செயல் குலுக்கல்கள் ஊரெங்கும் சிதறும். பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கும். பல வண்டிகள் ஒரே புள்ளியில் குலுங்கினால் நம்பலாம்.

2012-இல் பாஸ்டன் நகர நிர்வாகம் செல்போனிலேயே குலுக்கலைப் பதிவுசெய்யும் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியைப் பொதுமக்களிடமே கொடுத்தது. அதில் ஒரு சிக்கல். ஸ்மார்ட்போனும் காரும் குறைவாக உள்ள ஏழைப் பகுதிகளில் பதிவுகளும் குறைவாகத்தான் வரும். வரைபடத்தில் அங்கே சாலை வழவழவென்று தெரியும். இதை உணர்ந்துதான், நகரம் முழுக்கச் சுற்றும் சாலை ஆய்வாளர்களிடம் நிர்வாகம் செயலியை முதலில் கொடுத்துப் பார்த்தது.

இத்தகைய தரவைப் பொதுவில் வைக்கும்போது, எத்தனை வண்டிகள் குலுங்கின என்பதோடு எத்தனை வண்டிகள் குலுங்காமல் கடந்தன என்பதையும் வெளியிட வேண்டும் என்பேன். ஆயிரம் வண்டி போயும் பதிவு இல்லாத தெருவும், ஒரு வண்டிகூடப் போகாததால் பதிவு இல்லாத தெருவும் ஒன்றல்ல. இரண்டாவது வகைத் தெருக்களின் பட்டியல் கிடைத்தால், எங்கே நேரில் போய் மக்களைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். காருக்குள் இருக்கும் உணரி நடைபாதையை அறியாது. எந்த விளிம்பில் சக்கர நாற்காலி சிக்குகிறது, மழை பெய்தால் குழந்தைகள் எந்த வழியாகச் சுற்றிப் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தகைய திட்டங்களில் உணரிகளுக்கும் தரவைக் காட்டும் பெரிய திரைகளுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்குகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறவருக்கான சம்பளமும் அதே திட்டச் செலவுக் கணக்கில் ஓர் இனமாக இருந்தே ஆக வேண்டும்.