ஒன்றரைப் பவுன் குண்டும் ஐந்து டன் யானையும்

வேட்டையாடிய விலங்குகளின் தலை, தந்தம் போன்ற நினைவுப்பொருள்களை இறக்குமதி செய்வதற்கு ஜெர்மனி கட்டுப்பாடு கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு 2024 ஏப்ரலில் எழுந்தது. கோபமடைந்த அப்போதைய போட்ஸ்வானா அதிபர் மசீசி, இருபதாயிரம் யானைகளை ஜெர்மனிக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த வாசகர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார்: "அரசியல் இருக்கட்டும் சார். அவ்வளவு பெரிய உருவத்தை வீழ்த்த எவ்வளவு பெரிய துப்பாக்கி வேண்டும்?"

வேட்டை எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் மிகவும் பிடிக்கும்.

ஆப்பிரிக்க வேட்டைக்கென்றே செய்யப்பட்ட பழைய தோட்டாக்களில் ராட்சசன் என்றால் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ். பெயரில் உள்ள எண் அங்குலக் கணக்கில் குழலின் விட்டம், அதாவது சுமார் 15 மில்லிமீட்டர். குண்டின் எடை 58 கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 590 மீட்டர். எடையைக் கிலோவாக்கி இரண்டையும் பெருக்கினால் உந்தம், 34 சொச்சம் வரும். அது முழுவதும் ஐந்து டன் யானையின்மேல் இறங்கினாலும் யானை பின்னால் தள்ளப்படும் வேகம் விநாடிக்கு 7 மில்லிமீட்டர்தான். எறும்பு இதைவிட வேகமாக ஊரும். குண்டு பட்டதும் யானை தூக்கியெறியப்பட்டது, எருமை உருண்டோடியது என்று வேட்டைக்காரர்கள் சொல்வதை நானும் சிறுவயதில் வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் படித்த நாம் இனி அதை நம்பக்கூடாது. யானையைத் தூக்கியெறியும் குண்டு, சுட்டவரை அதற்கு முன்பே தூக்கியெறிந்திருக்கும்.

அப்படியானால் யானை ஏன் விழுகிறது? உள்ளே மூளையோ இதயமோ செயல்படாமல் நின்றுபோவதால். அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. தோல் ஓரங்குல தடிமன். மூளை ஐந்து கிலோ இருந்தாலும் அந்தப் பிரம்மாண்டமான மண்டையில் பின்பக்கம், காதுத்துளைகளுக்கு நடுவே தாழ்வாக இருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் காற்றறைகள் நிறைந்த, தேன்கூடு மாதிரியான எலும்பு. குண்டு அதையெல்லாம் தாண்டி, வளையாமல், நேராகப் போயாக வேண்டும்.

பழைய காலத்தில் இதற்குக் கண்ட வழி, குண்டைப் பெரிதாக்குவது. நுவரெலியாவில் குடியிருந்து இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ஒரு துப்பாக்கி அரை ராத்தல் குண்டைச் சுடும். அப்புறம் டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். உகாண்டாவின் கரமோஜா பகுதியில் அலைந்ததால் 'கரமோஜோ' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தந்தத்துக்காக அவர் கொன்ற யானைகள் ஆயிரத்துக்கும் மேல். அந்த எண்ணிக்கை என்னை வேதனைப்படுத்துகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது 7 மில்லிமீட்டர் மவுசர் ரைஃபிளால். அதன் குண்டு பென்சில் பருமன், மூன்று சென்டிமீட்டர் நீளம், எடை 11 கிராம். பவுன் கணக்கில் சொன்னால் ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு!

இது எப்படிச் சாத்தியம்? அம்மிக்கல்லையும் கடப்பாரையையும் ஒரே உயரத்திலிருந்து ஈரமான வயலில் போட்டுப் பாருங்கள். அம்மி சப்பென்று உட்காரும். கடப்பாரை இறங்கிவிடும். எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை எவ்வளவு பரப்பின் பின்னால் நிற்கிறது என்பதும் முக்கியம். கிராமில் உள்ள எடையைக் குண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் போதும். பழைய 'நாலு போர்' (4 bore) துப்பாக்கியின் உருண்டை ஈயக்குண்டு 113 கிராம், பதினாலு பவுன். விட்டம் 26.7 மில்லிமீட்டர். வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம். பெல்லின் பென்சில் குண்டுக்கு 27. பத்து மடங்கு எடையுள்ள குண்டு தோற்றுப்போகிறது. இரட்டைக்குழல் ரைஃபிள்களில் புகழ்பெற்ற .470 நைட்ரோவின் நாலு பவுன் குண்டுக்கும் 28தான் வருகிறது. இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது எங்கோ தசமப்புள்ளி தவறிவிட்டது என்று நினைத்து, திரும்பப் போட்டேன். தவறவில்லை.

சரி, குண்டைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு வேகத்தை இரட்டிப்பாக்கினால்? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை மெதுவாக வீசுங்கள், பிறகு வேகமாக வீசுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும். ஈரமான சதைக்குள் பாயும் குண்டுக்கும் அப்படித்தான். இதன் விளைவு, குண்டு கடக்கும் ஒவ்வொரு சாணிலும் கையிருப்பு வேகத்தில் ஒரே விகிதத்தைப் பறிகொடுக்கிறது. இரட்டை வேகக் குண்டு, வேகம் பாதியாகக் குறைவதற்கு ஆகும் கொஞ்ச தூரத்தைக் கூடுதலாகக் கடக்கும். அதற்குமேல் அதுவும் சாதாரணக் குண்டுதான். வேகத்தை ஏற்றியதற்கு ஒரே ஒரு தவணை லாபம். பரப்புக்கான எடையை இரட்டிப்பாக்கினாலோ, எல்லாத் தவணையிலும் லாபம்.

போகும் ஆழம் கிடைத்தால் போதாது, திசையும் மாறக்கூடாது. குழலின் உட்புற வரிகள் குண்டைச் சுழலவிடுகின்றன. பம்பரம் சாயாமல் நிற்கிற மாதிரி காற்றில் அது நேராகப் போகிறது. ஆனால் சதை, காற்றைப்போல எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. காற்றுக்குப் போதுமான சுழற்சி அங்கே போதாது. கூர்மூக்குக் குண்டின் எடை பின்பக்கம் இருப்பதால் உள்ளே போனதும் அது குப்புறப் புரண்டு, பக்கவாட்டில் திரும்பி எங்காவது போய்விடும். அதனால்தான் பெல்லின் குண்டு உருண்டை மூக்கோடு இருந்தது. இன்றைய யானைக் குண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பித்தளையில் முழுக்கடைசலாக, மூக்கைத் தட்டையாக வெட்டி வருகின்றன.

கூராக இருந்தால்தானே குத்தும் என்று தோன்றும். தட்டை மூக்கு எதிரே வரும் திசுவைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக விசிறியடிக்கிறது. அதனால் பின்னால் ஒரு வெற்றுக் குகை திறக்கிறது. குண்டின் உடல் எதையும் தொடாமல் அந்தக் குகைக்குள்ளேயே பயணம் செய்கிறது. நனைவது மூக்கின் முகப்பு மட்டும். குண்டு லேசாகச் சாய்ந்தால் அதன் தோள் குகைச் சுவரில் முட்டும், சுவர் அதைத் திருப்பி நேராக்கிவிடும். தண்ணீருக்கடியில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ரஷ்யாவின் ஷ்குவால் டார்பிடோவும் முன்னால் ஒரு தட்டையான வட்டை வைத்துக்கொண்டு இதே வேலையைத்தான் செய்கிறது.

உடலுக்குள் குண்டு எப்படி ஓடுகிறது என்ற இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவை பெரும்பாலும் ராணுவங்கள். மயக்க ஊசியைச் சுடும் வனவிலங்கு மருத்துவருக்கும் வேகம், பரப்பு, திசு என்ற இதே கணக்குதான் தேவை. ஊசி தோலைத் தாண்ட வேண்டும், எலும்பைத் தொடக்கூடாது. அந்தப் பக்கமும் கொஞ்சம் நிதி திரும்ப வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் யானைக்கு. சிங்கம், சிறுத்தைக்கு இதே திடக்குண்டைச் சுட்டால் ஊடுருவி மறுபக்கம் போய்விடும், காயம்பட்ட மிருகம் புதருக்குள் பதுங்கும். அவற்றுக்கு உள்ளே போய் மலரும் ஈயமூக்குக் குண்டு. அந்த வகையைப் பெயர்பெறச் செய்தது கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலை. போரில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 1899 ஹேக் மாநாடு தடுத்தது.

பிறகு ஏன் இன்றைக்கும் பெரிய தோட்டா கேட்கிறார்கள்? நமீபியச் சட்டம் கேலிபரை, அதாவது குழலின் விட்டத்தைச் சொல்லாமல் ஆற்றலைச் சொல்கிறது. யானைக்கும் எருமைக்கும் குறைந்தது 5,400 ஜூல், குடு மானுக்கு 2,700. பெல்லின் தோட்டாவுக்குச் சுமார் 2,750 ஜூல். இன்று அவர் நமீபியாவுக்கு வந்தால் குடு மானுக்குத்தான் அனுமதி கிடைக்கும். அந்தச் சட்டம் சரிதான். பெல் யானை மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர். இரண்டு வார விடுமுறையில் வருபவரின் கை நடுங்கும். நாலு விரற்கடை தவறினால் சிறிய குண்டு யானையை வெறுமனே வதைக்கும். பெரிய குண்டு மூளைக்குப் பக்கத்தில் போனாலும் அந்த அதிர்ச்சியில் யானை தடுமாறி நிற்கும், இரண்டாவது குண்டுக்கு நேரம் கிடைக்கும்.

அதற்காக .600ஐத் தூக்கவும் முடியாது. துப்பாக்கியே ஏழு கிலோ, தோளில் விழும் உதையை எதிர்பார்த்தே பலர் விசையை அழுத்தும்போது கண்ணை மூடிவிடுவார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவாக நிற்பது, 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். 5,800 ஜூல், நாலு கிலோ சொச்சம் துப்பாக்கி, சராசரி ஆள் தாங்கக்கூடிய உதை. வாசகருக்கு என் பதில் அதுதான். அதன் 19 கிராம் குண்டையும் பரப்பால் வகுத்துப் பார்த்தேன். 27 வருகிறது.