அனிமே கால்களும் ஒரு சிவப்புக் குச்சியும்

“ஜப்பானின் அனிமே கார்ட்டூன்களில் வருகிறவர்களுக்குக் கண் ஏன் முகத்தில் பாதி இருக்கிறது? கால் ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?” என்று பதினோராம் வகுப்பு வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

கண்ணுக்குப் பதில் எளிது. ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா அமெரிக்கக் கார்ட்டூன்களின் பெரிய கண்களை விரும்பி எடுத்துக்கொண்டார். 1963இல் அவருடைய அஸ்ட்ரோ பாய் தொலைக்காட்சிக்கு வந்தபோது பணமும் நேரமும் குறைவு. உடம்பை அசையாமல் வைத்துவிட்டு வாயையும் கண்ணையும் மட்டும் அசைத்தார்கள். உணர்ச்சியை எல்லாம் கண்தானே சுமக்க வேண்டும்? போதாததற்கு, பெரிய தலை, பெரிய கண், சின்ன மூக்கு என்று கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்தால் நமக்குப் பாசம் சுரக்கிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943லேயே எழுதிவிட்டார்.

கால் விஷயம்தான் சுவாரசியம். ஓவியர்கள் உயரத்தைத் தலையால் அளப்பார்கள். பிறந்த குழந்தை நான்கு தலை உயரம்; வளர்ந்தவர் ஏழு, ஏழரை. வளர வளரக் காலின் பங்கு கூடுகிறது. அனிமே நாயகி சில சமயம் எட்டையும் தாண்டுகிறாள். அதாவது முகம் குழந்தைப் பக்கம் பின்வாங்க, கால் பெரியவர்களையே முந்திக்கொண்டு ஓடுகிறது. இந்த விநோத உருவத்தைக் கண் எப்படி ஏற்கிறது?

கடற்காகக் குஞ்சைக் கேட்கலாம். தாயின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. குஞ்சு அதைக் கொத்தும், தாய் இரையைக் கக்கும். விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்கனும் கூட்டாளிகளும் விதவிதமான போலித் தலைகளை நீட்டிப் பார்த்தார்கள். கடைசியில், மூன்று வெள்ளை வளையம் போட்ட மெல்லிய சிவப்புக் குச்சி! தாயின் தலையை அச்சாக வார்த்த பொம்மையைவிட அதைத்தான் குஞ்சுகள் அதிகம் கொத்தின. அந்தக் குஞ்சின் மூளையில் அம்மாவின் படம் இல்லை. ‘மெலிசாக, சிவப்பாக, பளிச்சென்ற விளிம்போடு’ என்று நாலைந்து விதிகள்தான். எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதவில்லை. இயற்கையில் அப்படியொரு குச்சி எதிர்ப்பட்டதே இல்லை, அப்புறம் எதற்கு எழுதி வைக்க?

(குஞ்சிடம் குச்சி நீட்ட இன்று யாராவது நிதி கேட்டால், ‘இதனால் நாட்டுக்கு என்ன பயன்?’ என்று கோப்பு திரும்பிவிடும். டின்பர்கனுக்கு 1973இல் நோபல் கிடைத்தது.)

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கலையும் இப்படித்தான், நமக்குப் பிடித்த அடையாளத்தை மிகைப்படுத்தி, நம்மை இழுக்கிறது என்று 1999இல் வாதிட்டார். சோழர் கால வெண்கலப் பார்வதியின் ஒடிந்துவிடும் இடையை அவர் உதாரணம் காட்டினார். எல்லாக் கலையையும் இதற்குள் திணிக்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் அனிமே கால்களுக்கு இது பொருந்துகிறது.

அதே நாயகிக்குக் கோபம் வந்து, நகைச்சுவைக்காக இரண்டு தலை உயரச் ‘சிபி’ (குட்டிப் பொம்மை உருவம்) ஆகும் இடத்தைக் கவனியுங்கள். கால் காணாமல் போயிருக்கும். ஆனாலும் யார் இவள் என்று யாரும் கேட்பதில்லை. முன்நெற்றி முடியின் வெட்டும் நிறமும் மாறியிருக்காது.