பற்பசைப் பெட்டியும் பிக்கப்பின் செசியும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அப்பாவின் பழைய பிக்கப்புக்குப் பெரிய எஞ்சின் பூட்டப்போகிறோம். முதலில் செசிக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகத்துக்கு, தகடு அடிக்க வேண்டும் என்கிறார் கராஜ்காரர். நாலு மில்லிமீற்றர்த் தகடு அப்படி என்ன செய்துவிடும்?"

நிறையச் செய்யும். எஞ்சின் தரும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீற்றர் என்றால், முதல் கியரில் அது ஏறத்தாழ 4 மடங்காகும். அதன் எதிர்விசையை, எஞ்சினைப் பிடித்திருக்கும் மவுண்டுகள் வழியே செசிதான் தாங்கவேண்டும். பழைய பிக்கப்புகள் பலவற்றில் செசியின் நீளச்சட்டங்கள் பக்கவாட்டில் சாய்த்துவைத்த 'ப' மாதிரி, ஒரு பக்கம் திறந்தே இருக்கும். அந்தப் பக்கத்தை மூடிப் பெட்டியாக்கத்தான் இந்தத் தகடு.

ஒரு பற்பசைப் பெட்டியின் இரு முனை மடல்களையும் வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். நீளவாக்கில் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு முறுக்குங்கள், துணிபோலத் திருகும்.

காரணம் அழகானது. முறுக்கும்போது இரும்புக்குள் ஒரு வழுக்கு விசை ஓடுகிறது. மூடிய பெட்டியில் அது வரம்பைச் சுற்றி ஓடும் வாய்க்கால் நீர்போல நான்கு சுவரையும் சுற்றி வரும். எதிரெதிர்ச் சுவர்கள் தள்ளி இருப்பதால் நெம்புகோல் நீளம் கிடைக்கிறது. திறந்த சட்டத்தில் சுற்றிவர வழியில்லை. விளிம்பில் முட்டி, அதே தகட்டின் தடிப்புக்குள்ளேயே திரும்புகிறது. நெம்புகோல் வெறும் சில மில்லிமீற்றர்தான்!

120 மில்லிமீற்றர் உயரம், 50 அகலம், 4 தடிப்புள்ள சட்டத்துக்குக் கணக்குப் போட்டேன். திறந்த பக்கத்தை மூடினால் சுமைக்கு வளையாத விறைப்பு கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. முறுக்கு விறைப்போ 300 மடங்கைத் தாண்டுகிறது. முழுச் செசிக்கு இவ்வளவு அதிகரிக்காது, குறுக்குச்சட்டங்கள் ஏற்கெனவே ஓரளவு பிடித்திருக்கின்றன.

தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். விறைப்பு சட்டென்று மாறும் இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். அப்படி வெடித்த வண்டிக்குக் கண்ணூறு என்று எலுமிச்சம்பழம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரும்பில் ஏறிப்போகிற பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது. வெல்டிங்கையும் ஒரே மூச்சில் இழுக்காமல், துண்டு துண்டாக இடம் மாற்றி வைக்கவேண்டும், சூட்டில் சட்டம் கோணாமலிருக்க.

அப்புறம், நம் கரையோர உப்புக்காற்று. மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தங்கினால் உள்ளிருந்தே துருவேறும். அடியில் வடிதுளை விட்டு, உள்ளே துருத்தடுப்புப் பூச்சும் அடிக்கச் சொல்லுங்கள்.