மூன்று நிறப் பூனை ஏன் பெட்டையாகவே இருக்கிறது?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டுப் பூனைக்குக் கருப்பு, செவலை, வெள்ளை என்று மூன்று நிறமும் உண்டு. போன வாரம் அரிசி மூட்டைக்குப் பின்னால் நான்கு குட்டி போட்டது. இரண்டு செவலை, இரண்டுமே கடுவன். ஒன்று முழுக் கருப்பு, அது பெட்டை. இன்னொன்று அம்மா மாதிரியே மூன்று நிறம், அதுவும் பெட்டை. மூன்று நிறப் பூனை என்றாலே பெட்டைதான் என்று பாட்டி அடித்துச் சொல்கிறார். உண்மையா? தெருவில் சுற்றும் செவலைக் கடுவன்தான் இந்தக் குட்டிகளுக்கு அப்பா என்று தம்பி சொல்கிறான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

பாட்டி சொன்னது சரி. தம்பி சொன்னதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சட்டென்று நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு டிஎன்ஏவில் எழுதப்பட்டிருக்கிறது; அந்தக் குறிப்புதான் மரபணு. மரபணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் நீண்ட இழை குரோமோசோம். நமக்கு 23 ஜோடி, பூனைக்கு 19 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றொன்று அப்பாவிடமிருந்து வந்தது. அதில் ஒரு ஜோடி ஆண், பெண் வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது: இரண்டு எக்ஸ் என்றால் பெண், ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் என்றால் ஆண். அம்மாவிடம் கொடுப்பதற்கு எக்ஸ் மட்டுமே இருக்கிறது. ஒய் வருவதும் வராததும் அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது. பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. ஆனாலும் பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று மருமகளை ஏசும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பூனைக்கு வருவோம். பூனை முடியில் இரண்டு வகை நிறமி உண்டு: ஒன்று கருப்பு, மற்றொன்று செவலை. எந்த நிறமியைச் செய்வது என்பதை முடிவு செய்யும் மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஒரு வடிவம் கருப்பைத் தரும், இன்னொரு வடிவம் செவலையைத் தரும். கடுவனுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், ஆகவே அது கருப்பாக இருக்கும், இல்லையென்றால் செவலையாக இருக்கும். இரண்டும் சேர்ந்து வர வழியில்லை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் கருப்பும் மற்றதில் செவலையும் அமைய வாய்ப்புண்டு. மூன்றாவது நிறமான வெள்ளைக்குக் காரணம் வேறொரு மரபணு. அது ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும்.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும். எனக்கோ சுவாரசியமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. மெண்டல் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தபோது பிள்ளைச் செடிகள் எல்லாம் நெட்டையாகவே வளர்ந்தன. ஒன்று ஓங்கியது, மற்றொன்று ஒடுங்கியது. அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு கிடைக்கும். இந்தப் பூனை இரண்டு வழியிலும் போகவில்லை. இங்கே கருப்பு செவலையை அடக்கவும் இல்லை, இரண்டும் கலந்து பழுப்பாகவும் இல்லை. காதில் ஒரு கருப்புத் திட்டு, கன்னத்தில் செவலை, முதுகில் மறுபடியும் கருப்பு. ஒரே உடம்பு, எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள். அப்படியிருக்க, காதில் உள்ள செல் ஒன்றைச் சொல்கிறது, கன்னத்தில் உள்ள செல் வேறொன்றைச் சொல்கிறது. ஏன்?

விடையின் முதல் நுனி கிடைத்ததும் பூனையிடம்தான். 1949-ல் கனடாவில் முர்ரே பார், எவர்ட் பெர்ட்ராம் என்ற இருவர் பூனையின் நரம்பு செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது நிறத்தையோ பாலினத்தையோ அல்ல. வேலை செய்து களைத்த நரம்பு செல்லில் என்ன மாற்றம் ஏற்படுகிறது என்பதைத்தான். சில பூனைகளின் செல் உட்கருவில் மட்டும் சாயம் ஏறிய ஒரு கரும்புள்ளி தெரிந்தது, மற்றவற்றில் இல்லை. எது எந்தப் பூனை என்று ஒப்பிட்டுப் பார்த்தால், புள்ளி இருந்தவை எல்லாம் பெட்டை.

அந்தப் புள்ளியை நானும் பார்த்திருக்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் ஐஸ் குச்சியால் என் கன்னத்தின் உட்பக்கத்தை வழித்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஊதாச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் வைத்தோம். செல்கள் அப்பளம் மாதிரி விரிந்து கிடந்தன. நடுவில் வெளிறிய ஊதா வட்டமாக உட்கரு. எல்லாச் செல்லிலும் தெரியவில்லை. தகட்டை நகர்த்தி நகர்த்திக் கண் வலித்த பிறகு, ஓர் உட்கருவின் ஓரத்தில், உள்சுவரோடு ஒட்டி, கடுகில் பாதி போல ஒரு கருநீலத் துளி தெரிந்தது. அது என்னுடைய எக்ஸ்களில் ஒன்று. விருந்தாளிகள் போனதும் பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தி வைப்போமே, அப்படிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

ஏன் சுருட்டி வைக்க வேண்டும்? எக்ஸில் ஏறக்குறைய ஆயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. ஆண் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. பெண்ணின் இரண்டு பிரதிகளும் வேலை செய்தால் அத்தனை புரதங்களும் இரட்டை மடங்கு சுரக்கும், கரு அதைத் தாங்காது. ஆகவே ஒன்றை அடைத்துவிடுகிறது. 1961-ல் இங்கிலாந்தில் மேரி லயன் என்ற மரபியலாளர், திட்டுத்திட்டாக நிறம் கொண்ட பெண் எலிகளைப் பார்த்துவிட்டு இந்தக் கருத்தை முன்வைத்தார். மூவண்ணப் பூனையும் இதனால்தான் இப்படி இருக்கிறது என்பதையும் அவர் அப்போதே கவனித்திருந்தார்.

எந்த எக்ஸை அடைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? யாருமே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கரு இன்னும் ஒரு சிறிய செல் உருண்டையாக இருக்கும் நாட்களில், ஒவ்வொரு செல்லும் தனித்தனியே பூவா தலையா போட்டுப் பார்க்கிறது. ஒரு செல் அம்மாவின் எக்ஸை அடைக்கிறது, பக்கத்துச் செல் அப்பாவின் எக்ஸை அடைக்கிறது. ஒன்றுக்கு விழுந்தது மற்றொன்றுக்குத் தெரியாது. (கங்காருக்களிடம் இந்தப் பூவா தலையாவே கிடையாது. அவை எப்போதும் அப்பாவின் எக்ஸைத்தான் அடைக்கின்றன.)

அடைக்கும் வேலையைச் செய்வது எக்ஸிலேயே இருக்கும் எக்ஸிஸ்ட் என்ற மரபணு. மற்ற மரபணுக்கள் போல இது புரதத்துக்கான குறிப்பு அல்ல. இதிலிருந்து வெளிவரும் நீண்ட ஆர்என்ஏ எங்கும் போகாமல், தான் பிறந்த அதே குரோமோசோமின் மேல் படர்ந்து போர்த்திக்கொள்கிறது. போர்த்திய இடத்துக்கு வேறு புரதங்கள் வந்து சேர்ந்து, டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டுகின்றன. பக்கத்தில் இருக்கும் மற்ற எக்ஸைத் தொடுவதே இல்லை. ஒரே அறையில் இரண்டு பாய், ஒன்று தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது, மற்றது விரிந்தபடியே கிடக்கிறது. அது மட்டுமல்ல, செல் இரண்டாகப் பிரியும்போது இந்த முடிவும் கூடவே போகிறது. தாய்ச்செல் சுருட்டிய அதே எக்ஸைத்தான் மகள் செல்லும், பேத்தி செல்லும், அப்புறம் வரும் லட்சக்கணக்கான செல்களும் சுருட்டி வைத்திருக்கும். ஆயுள் முழுக்க இதுதான்.

இனி பூனையின் தோலைப் பாருங்கள். நிறமி செய்யும் செல்கள் தோலில் பிறப்பதில்லை. கருவின் முதுகுத்தண்டு ஓரத்தில் தோன்றி, அங்கிருந்து இரண்டு பக்கமும் வயிற்றை நோக்கி நடந்து போகின்றன, போகும் வழியில் பெருகுகின்றன. செவலை எக்ஸைச் சுருட்டிய செல்லின் சந்ததி குடியேறிய இடத்தில் முடி கருப்பு, கருப்பைச் சுருட்டியதன் சந்ததி குடியேறிய இடத்தில் செவலை. வெள்ளைக்கான மரபணு இந்தப் பயணத்தைக் குறைத்துவிடுகிறது. செல்கள் சென்று சேராத இடம் வெள்ளையாகவே நிற்கும். முதுகிலிருந்து தொலைவான வயிறும் பாதங்களும் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது இதனால்தான்.

இதை வயலில் வைத்துப் பார்த்தால் இன்னும் புரியும். நெருக்கி நட்ட நாற்று தூர் கட்டாது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மெலிந்து நிற்கும். இடைவெளி விட்டு ஒற்றை நாற்றாக நட்டால் ஒவ்வொன்றும் பெரிய தூராகக் கட்டும். வெள்ளை இல்லாத பெட்டைப் பூனையில் நிறமி செல்கள் நெருக்கமாகக் கிளம்புவதால் கருப்பும் செவலையும் மிளகாய்ப்பொடியும் மிளகுப்பொடியும் கலந்து தூவியது போலத் தெரியும். வெள்ளை நிறைய உள்ள பூனையில் கிளம்பும் செல்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் பெருக இடம் நிறைய. ஆகவே திட்டுகள் பெரிதாக, வரைபடத்து நாடுகள் போலத் தனித்தனியே நிற்கும்.

செவலை நிறம் எப்படி வந்தது என்பது 2025-ல்தான் தெரிந்தது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டுபிடித்தன. எக்ஸில் ஒரு மரபணுவின் பகுதியில் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. சடுதிமாற்றம் என்றால் குறிப்பில் எழுத்து மாறிப் புரதம் கெட்டுப்போவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கே புரதத்தின் குறிப்பு அப்படியே பத்திரமாக இருக்கிறது. வழக்கமாக நிறமி செல்லில் உறங்கிக் கிடக்கும் அந்த மரபணு, இந்தத் துண்டு போனதால் விழித்துக்கொள்கிறது. விழித்ததும், "கருப்பு செய்" என்று செல்லுக்குள் போகும் தகவலை இடையில் மறிக்கிறது. செல் செவலையைச் செய்கிறது.

ஜப்பான் குழு இந்த ஆய்வுக்குப் பூனைப் பிரியர்களிடம் பணம் திரட்டியது. மக்கள் மனமுவந்து கொடுத்தது சந்தோஷம். ஆனால் "இதனால் என்ன பயன்?" என்ற ஒரே கேள்வியால் அடிப்படை ஆராய்ச்சி பணத்துக்கு அலைவது எனக்கு வருத்தம் தருகிறது. பார் தேடியது நரம்பின் களைப்பை, லயன் பார்த்தது எலியின் திட்டுகளை. அந்த வழியில் தெரியவந்த எக்ஸிஸ்ட் மரபணுவை 2013-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் லாரன்ஸின் குழு எடுத்து, டவுன் நோய்க்குறி உள்ள ஒருவரின் செல்லில் கூடுதலாக இருக்கும் 21-ஆம் குரோமோசோமில் செருகியது. அந்தக் குரோமோசோம் அடங்கிப்போனது. ஆய்வகத் தட்டில் வளர்ந்த செல்லில்தான், மனிதரில் அல்ல. இருந்தாலும் 1949-ல் யாராவது பயனைக் கேட்டு அந்தப் பூனை ஆய்வை நிறுத்தியிருந்தால் இந்த வழியே திறந்திருக்காது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பாட்டி சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அபூர்வமாக, விந்தணுவோ சினைமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல், இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ள கடுவன் பிறக்கும். அதற்கும் ஒரு எக்ஸ் சுருளும், மூன்று நிறமும் வரலாம். ஆனால் பெரும்பாலும் குட்டி உண்டாக்க முடியாது. ஜப்பானிய மாலுமிகள் இப்படிப்பட்ட கடுவனைக் கப்பலில் வைத்திருந்தால் புயல் அண்டாது என்று நம்பினார்கள். நம் ஊரில் பூனை குறுக்கே போனாலே வண்டியை நிறுத்துகிறோம். பூனை சாலையைக் கடக்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் கல்லெடுத்து எறிவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மனிதப் பெண்களின் உடம்பிலும் இப்படித்தான், செல்லுக்குச் செல் வேறு எக்ஸ் சுருண்டிருக்கிறது. நம் நிறத்தை முடிவு செய்யும் முக்கிய மரபணுக்கள் எக்ஸில் இல்லாததால் திட்டுகள் வெளியே தெரிவதில்லை. சில சமயம் தெரியவைக்கலாம். சிந்து பகுதியில் ஒரு இந்துக் குடும்பத்தைப் பற்றி டார்வின் 1875-ல் எழுதியிருக்கிறார்: நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகக் குறைவு, உடம்பில் முடியும் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதிப்பட்டார்கள். அந்த வீட்டு மகள்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மகள்களின் மகன்களுக்கு வந்தது. எக்ஸில் உள்ள ஒரு மரபணுவின் கோளாறு இது. வியர்வைச் சுரப்பியே சரியாக உருவாகாது. இந்த மரபணுவைச் சுமக்கும் பெண்ணின் முதுகில் அயோடின் தடவி, மாவுப்பொடி தூவி, வியர்க்க வைத்தால், வியர்த்த இடம் கருநீலமாகும், வியர்க்காத இடம் அப்படியே இருக்கும். முதுகெலும்பிலிருந்து இருபுறமும் வளைந்து இறங்கும் பட்டைகள் தோன்றும். அவள் கருவாக இருந்தபோது செல்கள் நடந்த தடம் அது.

அந்த மாணவியின் மூவண்ணக் குட்டிக்கு அம்மாவின் நிறங்கள் இருந்தாலும், திட்டுகள் அம்மாவுக்கு உள்ள இடங்களிலேயே ஏன் அமையாது என்றும் இப்போது தெரிந்திருக்கும். திட்டுகளின் இடம் மரபாக வராது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் உலகின் முதல் நகலாக்கப் பூனை பிறந்தது. ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் ஒரு செல்லிலிருந்து உருவானது. ஆனால் அதன் உடம்பில் செவலைத் திட்டு ஒன்றுகூட இல்லை. எடுத்த அந்த ஒற்றைச் செல்லில் செவலை எக்ஸ் சுருண்டிருந்தது, கடைசிவரை விரியவில்லை. மரபணு அச்சுப் பிரதி, நிறமோ வேறு. சிசி என்று பெயரிட்ட அந்தப் பூனை 18 வயது வரை வாழ்ந்து 2020-ல் இறந்தது.

இப்போது தம்பியின் துப்பறிதல். இரண்டு செவலைக் கடுவன்களை வைத்து அப்பாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அவற்றுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும் வந்தது. மூவண்ணக் குட்டிக்கு அப்பா செவலையாகவும் இருக்கலாம், கருப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கருப்புப் பெட்டையைப் பாருங்கள். அதன் இரண்டு எக்ஸும் கருப்பு, அதில் ஒன்று அப்பா கொடுத்தது. செவலைக் கடுவனிடம் கருப்பு எக்ஸ் கிடையாது. ஆகவே அந்தக் குட்டிக்கு அப்பா தெருச் செவலை இல்லை. மற்ற மூன்றுக்கும் அதுவாக இருக்கலாமா என்றால், இருக்கலாம். பூனை ஒரே ஈற்றில் இரண்டு அப்பாக்களின் குட்டிகளையும் போடும். இன்னொரு கடுவன் அந்தப் பக்கம் வந்து போயிருக்கிறது என்று தம்பியிடம் சொல்லுங்கள்.