ஸ்கிரிப்ட்: பிரவுசரைத் திணற வைக்கிறது எது, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு

"இந்தப் பக்கத்துல ஒரு ஸ்கிரிப்ட் ரொம்ப நேரமா ஓடுது, நிறுத்தவா காத்திருக்கவா"ங்கிற மாதிரி பழைய ஃபயர்பாக்ஸ்ல ஒரு பெட்டி வந்து நிக்குமே, பார்த்திருப்பீங்க. 10 செகண்டுக்கு மேல ஒரு ஸ்கிரிப்ட் விடாம ஓடுனா அப்படிக் கேக்கும். சினிமாக்காரங்க சொல்ற ஸ்கிரிப்ட் நமக்கு நல்லாத் தெரியும், ஆனா பிரவுசருக்குள்ள அதே சொல்லுக்கு என்ன வேலைன்னு அந்தப் பெட்டியைப் பார்த்தா ஒண்ணும் புரியாது. ஸ்கிரிப்ட்னா என்னன்னு புரிஞ்சா பக்கம் ஏன் திணறுதுன்னும் பாதி புரிஞ்சிடும்ங்கிறதால சொல்லுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

மூலம் லத்தீன். அங்க 'ஸ்கிரீபெரே'ன்னா எழுதுறது, 'ஸ்கிரிப்டும்'னா எழுதப்பட்டது. மேனுஸ்கிரிப்ட் (கையால எழுதினது), டாக்டர் எழுதித் தர்ற ப்ரிஸ்கிரிப்ஷன் எல்லாம் இதே வேர்ல இருந்து வந்ததுதான். அப்புறம் நாடகக்காரங்க நடிகர் பாத்துப் படிச்சு நடிக்கிற பிரதிக்கு ஸ்கிரிப்ட்னு பேர் வச்சாங்க, கம்ப்யூட்டர்லயும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான்: முன்கூட்டியே மெஷின் மொழிக்கு மாத்தி வைக்காம வெறும் எழுத்தா வச்சிருந்து, ஓட்டும்போதே படிச்சுப் படிச்சு செய்யுற கட்டளைகள். இன்னொரு அர்த்தமும் இருக்கு, தமிழ் ஸ்கிரிப்ட், அரபு ஸ்கிரிப்ட்னு சொல்றோமே, அதுக்கு நம்மகிட்ட வரிவடிவம்னு அழகான சொல் இருக்கு, அதை இதோட போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

வெப்ல இந்த வேலையைச் செய்யுறது ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாசம் நெட்ஸ்கேப்ங்கிற பிரவுசர் கம்பெனியில பிரெண்டன் ஐக் 10 நாள்ல இதோட முதல் வடிவத்தை எழுதுனாரு. முதல்ல மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், அதே வருஷம் டிசம்பர்ல ஜாவாஸ்கிரிப்ட்னு பேர் மாறிச்சு. ஜாவாவோட பேரு அப்போ பிரபலமா இருந்ததால ஒட்டிக்கிச்சே தவிர ஜாவா வேற மொழி, இது வேற மொழி. ஆரம்பத்துல ஃபாரம்ல பேரு விட்டுப்போச்சான்னு பாக்குறது, பட்டன் மேல மவுஸ் போனா படம் மாத்துறது மாதிரி சில்லறை வேலைதான். 2004ல ஜிமெயில், 2005ல கூகுள் மேப்ஸ்னு வந்ததும் பக்கம்ங்கிறதே ஒரு சாஃப்ட்வேர் ஆயிடுச்சு, 2008ல குரோம் வி8ங்கிற எஞ்சினோட வந்து ஜாவாஸ்கிரிப்டை ஓடும்போதே மெஷின் மொழிக்கு மாத்தி வேகமா ஓட்டுனதும், வேகம் கிடைச்சிடுச்சேன்னு சைட்காரங்க இன்னும் இன்னும் ஏத்திட்டாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? 'குறுநிரல்'னு சிலர் எழுதுறாங்க. எனக்கு அதுல திருப்தி இல்ல, இன்னிக்கு ஒரு நியூஸ் பக்கத்துல எம்பி கணக்குல வந்து இறங்குற சரக்கை எப்படிங்க குறுன்னு சொல்றது? பக்கத்துக்குள்ள ஓடுற குட்டி ஜாவா ப்ரோக்ராமான ஆப்லெட்டுக்கும் அதே சொல்லைப் போடுறவங்க இருக்காங்க. பொதுவா ப்ரோக்ராமுக்கு நாம சொல்ற 'நிரல்' ரொம்ப நல்ல சொல். நிரல்னா வரிசை, ஒழுங்கு. நன்னூல் சொல்ற பொருள்கோள் (செய்யுளுக்குப் பொருள் கொள்ளுற முறை) எட்டுல நிரல்நிறைன்னு ஒண்ணு உண்டு, "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது"ங்கிற குறள்ல அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன்னு வரிசை மாறாம போய்ப் பொருந்துமே, அதுதான். அதனால இடம் பாத்து 'பக்க நிரல்'னு எழுதலாம்ங்கிறது என் கருத்து, பேசும்போது ஸ்கிரிப்ட்னே சொல்லிக்கலாம்.

பிரவுசர் திணறுறதுக்குக் காரணமும் இந்த வரிசையிலதான் இருக்கு. பக்கத்தை அடுக்கிக் காட்டுறது, நீங்க பண்ற கிளிக்கைக் கவனிக்கிறது, ஸ்கிரிப்டை ஓட்டுறது எல்லாத்தையும் மெயின் த்ரெட்னு ஒரே ஒரு இழைதான் பாக்குது. ஒரே கவுண்டர் இருக்குற ரேஷன் கடை க்யூ மாதிரி, முன்னாடி நிக்கிறவரு நாலு கார்டோட வந்துட்டா பின்னாடி இருக்குறவங்க நிக்க வேண்டியதுதான். ஸ்கிரீன் செகண்டுக்கு 60 தடவை புதுசாகணும்னா ஒவ்வொண்ணுக்கும் 16 மில்லிசெகண்ட் சொச்சம்தான் நேரம், 50 மில்லிசெகண்டைத் தாண்டி ஒரே வேலை இழுத்தாலே அதை நீண்ட வேலைன்னு கணக்கு வைக்கிறாங்க. பக்கம் முழுசா வந்தாச்சு, ஸ்க்ரோல் கூட நல்லாப் போகுது, ஆனா பட்டனைத் தட்டுனா அசையலைன்னா குத்தம் நெட்டு மேல இல்ல. ஸ்க்ரோலை பெரும்பாலும் வேற த்ரெட் பாத்துக்கும், கிளிக் மட்டும் மெயின் த்ரெட் வரிசையில மாட்டிக்கும். எட்டு கோர் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை செய்யுற பகுதி) இருக்குற விலை கம்மி போன்கூட இப்படி நொண்டுறது இதனாலதான், எத்தனை கோர்ங்கிறதை விட ஒரு கோர் எவ்வளவு வேகம்ங்கிறதுதான் இங்க முக்கியம்.

அப்போ என்ன பண்ணலாம்? முதல்ல யாரு தின்னுறாங்கன்னு பாருங்க. குரோம்லயும் ஃபயர்பாக்ஸ்லயும் மெனுவுல மோர் டூல்ஸுக்குள்ள டாஸ்க் மேனேஜர் இருக்கு, எந்த டேப் எவ்வளவு சிபியூ எடுக்குதுன்னு அதுல தெரியும், குரோம்ல எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல நாம சேத்துக்குற துணை ப்ரோக்ராம்) கணக்கும் தனித்தனியா தெரியும். எக்ஸ்டென்ஷனும் ஸ்கிரிப்ட்தான், நீங்க திறக்குற பக்கங்களுக்குள்ள தன் பங்குக்கு அதுவும் நுழைஞ்சு ஓடலாம், இதை யாருமே சந்தேகப்பட மாட்டேங்கிறாங்க. அதே பக்கத்தை குரோம் இன்காக்னிட்டோவுல திறந்து பாருங்க, அங்க நீங்க தனியா அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது, வேகமா வந்துச்சுன்னா வெளிய வந்து ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்தா ஆள் மாட்டிக்கும்.

அப்படி இல்லைன்னா சுமை பக்கத்தோடதுதான், அதுலயும் பெரும்பாலும் விளம்பரம், ட்ராக்கிங்னு வெளியாட்கள் கொண்டாந்து போட்ட நிரல். ஃபயர்பாக்ஸ்ல இதையெல்லாம் தடுக்குற யூபிளாக் ஒரிஜின்ங்கிற எக்ஸ்டென்ஷனைப் போடுங்க (ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ்லயும் ஓடும், போன்ல இருக்குறவங்களுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பாக்கல), குரோம்ல இப்போ அதோட லைட் வகைதான் கிடைக்கும். சும்மா கிடக்குற டேப்பை எல்லாம் தூங்க வைக்க குரோம்ல மெமரி சேவர் இருக்கு, எட்ஜ்லயும் அதே மாதிரி உண்டு.

கேஷ் (பிரவுசர் சேத்து வச்சிருக்குற ஃபைல்கள்) கிளியர் பண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஸ்கிரிப்ட் சுமைக்கு அது மருந்தே இல்லை. அடிக்கடி திறக்குற சைட்டோட நிரலை குரோம் ஒருதடவை மாத்தி வச்சதை டிஸ்க்லயே சேத்து வைக்கும், கிளியர் பண்ணா அதுவும் போயிடும், மறுபடி டவுன்லோடு, மறுபடி முதல்ல இருந்து மாத்தணும்.

நீங்களே சைட் வச்சிருக்கீங்கன்னா உங்க கையில இன்னும் நிறைய இருக்கு. பக்கத்துல ஸ்கிரிப்டைச் சேக்குற ஸ்கிரிப்ட் டேக்ல டிஃபர் (defer)ங்கிற சொல்லைப் போட்டா பக்கத்தைப் படிச்சு முடிச்ச பிறகு எழுதுன வரிசையிலயே ஓடும், அசிங்க் (async) போட்டா எது முதல்ல வந்து சேருதோ அது அப்பவே ஓடும், ஒண்ணை ஒண்ணு நம்பி இருக்குற ஸ்கிரிப்டுக்கு அசிங்க் போட்டீங்கன்னா நிரல் குலைஞ்சிடும். பெரிய கணக்கு எதாவது போடணும்னா வெப் வொர்க்கருக்கு அனுப்பிடுங்க, அது தனி த்ரெட்ல ஓடும், பக்கத்துல தட்டுற விரல் காத்துக்கிட்டு நிக்காது.