நாள்பட்ட இடுப்பு வலி: ஸ்கேன் ஃபிலிமில் தெரியாதவை

இடுப்பு வலியோடு வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஸ்கேன் கவரை என் மேஜைமேல் வைத்துவிடுகிறார்கள். "எல்4, எல்5 ஜவ்வு பிதுங்கிருச்சுங்க சார், எலும்பும் தேஞ்சிருச்சுங்க" என்பதுதான் முதல் பேச்சு. எப்போது வலிக்கிறது, என்ன வேலை பார்க்கிறார், இரவில் தூங்குகிறாரா என்பதெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வரும். என் அனுபவத்தில், மூன்று மாதத்தைத் தாண்டிய வலிக்கு வழி பெரும்பாலும் இந்தப் பதில்களில்தான் கிடைக்கிறது.

நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் குனிந்தே தைக்கும் பவர்டேபிள் டெய்லர்கள், நாள் முழுக்க நின்றுகொண்டே பீஸ் பார்க்கும் செக்கிங் பெண்கள், பண்டல் தூக்குகிறவர்கள். ஏற்றுமதி நெருக்கடி வந்தால் எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட்.

ஸ்கேன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. வலி இல்லாத அந்த மனிதர்களிலேயே, 20 வயதில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு) தேய்மானம் இருந்தது. 50 வயதில் அது 80 சதவீதம். டிஸ்க் புடைப்பு 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. இவர்கள் எல்லோரும் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று எழுதியிருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. பிதுங்கிய டிஸ்க்கும் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது.

ஆனால் அந்த ரிப்போர்ட் ஒரு மனிதருக்குள் உண்டாக்கும் பயம் லேசில் போவதில்லை. செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, கீழே உட்காரக் கூடாது என்று எங்கோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். எழுந்ததும் பெல்ட் மாட்டிக்கொண்டு, படுக்கும்போதுதான் கழற்றுவார். வீட்டில் பெருக்குவதும் துவைப்பதும் மகள் பொறுப்பாயிற்று. வலி குறையவில்லை, பரவியது. "ஏனுங்க சார், குனிஞ்சா நரம்பு கட்டாயிருமுங்களா?" என்று கேட்டார். பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றது தெரிந்தது. இரவில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். குழுக் கடன் தவணை வாரா வாரம் வந்து நிற்கிறது. வேலையை விட்டால் அதைக் கட்ட முடியாது என்ற கவலை விடியும்வரை அவரைத் தூங்க விடுவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வலி மனதில்தான் இருக்கிறது என்று சொன்னால் அது அநியாயம். வலி நிஜம். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே விழிப்பு கூடிப் போகிறது. திருடன் ஒருமுறை வந்துபோன வீட்டில் பூனை நடந்தாலும் எல்லோரும் எழுந்து உட்காருவதைப் போல, சாதாரண அசைவுக்கும் உடல் வலியை எழுப்புகிறது. தூக்கக் குறைவும் கவலையும் பயமும் அந்த விழிப்பை இன்னும் கூட்டுகின்றன. உடல், மனம், சமூகச் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் புரியும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-லேயே எழுதினார். இன்றைய வலி மருத்துவம் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

அந்தப் பெண்ணுக்குப் பெல்ட்டை ஒரே நாளில் கழற்றச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும்போது மட்டும் கழற்றச் சொன்னேன். ஸ்டூல்மேல் இருக்கும் பொருளை எடுக்கும் அளவுக்குக் குனிவது, பிறகு முழங்கால் உயரம், பிறகு தரை என்று போனோம். கால் குடம் தண்ணீர், அரைக் குடம், அப்புறம் முழுக் குடம். நடுவில் வலி கொஞ்சம் கூடிய நாட்களும் இருந்தன. மறுநாளைக்குள் அடங்குகிற வலி ஆபத்தின் அடையாளம் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மகளையும் கணவரையும் ஒருநாள் வரச் சொல்லிப் பேசினேன். "அம்மாவை அசையவே விடாதீங்க என்று சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் இனி அவர் கையில் துடைப்பத்தைக் கொடுங்கள்" என்றேன். வீட்டாரின் பயமும் நோயாளியின் பயமும் ஒன்றையொன்று வளர்ப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால் குடும்பத்தோடு பேசுவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில கைச்சிகிச்சைகள், மனநலச் சிகிச்சை முறைகள் ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வகை (அபின் வகையைச் சேர்ந்த) வலி மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் பெல்ட்டும் இழுவையும்தான் பிசியோதெரபி என்றே பலர் நினைக்கிறார்கள்!

எந்த உடற்பயிற்சி நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்று மற்றதைவிடப் பெரிதாக உயர்ந்தது என்று சொல்ல முடியாது. நீங்கள் விடாமல் செய்யப்போவது எதுவோ அதுவே நல்லது. யோகா பிடித்தால் யோகா. 2017-இல் அமெரிக்காவில் 320 பேரிடம் நடந்த ஆய்வில் யோகா பிசியோதெரபிக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் வீடியோ பார்த்து முதல் நாளே சக்ராசனம் முயல வேண்டாம். டெய்லர்களுக்கு நான் சொல்வது, ஒரு பண்டல் முடிந்ததும் எழுந்து நின்று கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பின்னால் ஒருமுறை சாயுங்கள். நின்று வேலை பார்க்கிறவர்கள் ஒரு சின்னப் பலகைமேல் கால்களை மாற்றி மாற்றி வைக்கலாம். நேராகவே உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே மாதிரி நெடுநேரம் உட்காருவதுதான் தொந்தரவு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் லைனுக்கு ஒரு சிறு இடைவேளையும் நல்ல நாற்காலியும் தரும் பொறுப்பு கம்பெனிகளுக்கும் உண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பலகையில் படு, வெறும் தரையில் படு என்ற அறிவுரையும் பரவலாக இருக்கிறது. 2003-இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வில் மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பாயில் படுத்து நன்றாகத் தூங்குகிறவர் மாற்ற வேண்டியதில்லை. வலிக்கு மருந்தென்று நினைத்துத் தரையில் புரண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சூடான ஒத்தடம், நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது, இவை இதம் தரும், செய்யுங்கள். ஆனால் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் சொடக்கெடுக்கத் தெரியாதவரிடம் போவதும் வேண்டாம்.

மெடிக்கல் கடையில் 'ஒரு செட்டு' என்று வாங்கிப் போடும் மாத்திரைகள் என்னை மிகவும் கவலைப்பட வைக்கின்றன. அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இந்த வலி என்று பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் நம்புகிறார்கள். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் நீண்டகால வலிக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருப்பது, குழந்தையைத் தூக்குவது, உடைந்து உடைந்து தூங்குவது, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

இனிச் சொல்வதில் தாமதமே கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ வராமல் நின்றாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் நாளுக்கு நாள் பலமிழந்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி, பழைய புற்றுநோய், விழுந்து அடிபட்டது ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவதை மறக்கக் கூடாது. நாற்பதுக்குள் இருக்கும் இளைஞருக்குக் காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாடினால் குறைந்தால், மூட்டுவாத நோய் நிபுணரிடம் (ருமட்டாலஜிஸ்ட்) காட்ட வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இவர்களுக்குத்தான் அவசியம்.

மற்றவர்களுக்கு ஒரு செய்தி. வலி அடங்கிய பிறகு மீண்டும் வருவது சகஜம். 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வில், படிப்படியாக நடைப் பயிற்சிக்குப் பழகியவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பின்) 208 நாட்கள் ஆயின. பழகாதவர்களுக்கு 112 நாட்கள். செருப்பும் கொஞ்ச நேரமும் இருந்தால் போதும். திரும்ப வந்தால் இரண்டு நாள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், படுத்தே கிடக்காதீர்கள், மூன்றாம் நாள் தெருமுனைவரையாவது நடந்து வாருங்கள். வெளியே வரவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.