கடப்பும் கடத்தலும்

“செல் சவ்வின் வழியே செயலற்ற போக்குவரத்து நடைபெறுகிறது.” உயிரியல் பாடக் காணொளி ஒன்றில் நேற்று மறுபடியும் இது காதில் விழுந்தது. செல் தன் ஆற்றலைச் செலவிடாமலே பொருள்கள் சவ்வைத் தாண்டுவதை ஆங்கிலத்தில் ‘பாசிவ் டிரான்ஸ்போர்ட்’ என்பார்கள்; அதன் தமிழாக்கம்தான் இது. செயலற்றது எப்படி நடைபெறும்? படிக்கிற பிள்ளை இந்த இடத்தில் குழம்பி நின்றால் தவறு பிள்ளையுடையது அல்ல, சொல்லுடையது.

முதலில் ‘போக்குவரத்து’. வண்டி வாகனங்களுக்குப் பொருந்துகிற சொல்லை மூலக்கூறுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மூலக்கூறுகள் சவ்வின் இரு பக்கமும் போய்வருவது உண்மைதானே என்று யாராவது வாதாடலாம். ஆனால் பாடம் பேசுவது, கூட்டிக்கழித்த பின் எந்தப் பக்கம் அதிகமாகப் போகிறது என்பதை. சரி, இதை விட்டுவிடுவோம். அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது. அச்சுப் புத்தகங்கள் பலவும் ‘கடத்தல்’ என்றே எழுதுகின்றன.

பெரிய சிக்கல் ‘செயலற்ற’ என்பதில். ‘பாசிவ்’ என்ற சொல் ‘தாங்கு, பாடுபடு’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘டிரான்ஸ்போர்ட்’ என்றால் அப்பால் சுமந்து செல்வது. சொல்வரலாறு இவ்வளவு போதும். இதே ‘பாசிவ்’ இலக்கணத்தில் வந்தபோது நாம் ‘செயலற்ற வினை’ என்றா சொன்னோம்? செயப்பாட்டு வினை என்றோம். ‘செயப்படு’ என்பதில் உள்ள ‘படு’ லத்தீன் வினையின் உட்பொருளையும் தொட்டுவிடுகிறது. இலக்கணத்தில் இருந்த கவனம் உயிரியலுக்கு வந்ததும் எங்கே போனது?

அந்த அடைமொழி யாரைச் சுட்டுகிறது என்று பார்த்திருந்தாலே போதும். அது செல்லைச் சுட்டுகிறது. செல் தன் கையிருப்பான ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவிடவில்லை என்பதுதான் பொருள். நகர்கிற பொருளோ சும்மா இருப்பதே இல்லை. வெப்ப இயக்கத்தால் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் முட்டி மோதிக்கொண்டே இருக்கின்றன. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அதிகம் பேர் தாண்டுகிறார்கள். இருபுறமும் செறிவு சமமான பிறகும் தாண்டுவது நிற்பதில்லை; போவதும் வருவதும் ஈடாகிவிடுகிறது, அவ்வளவுதான். ‘செயலற்ற’ என்று படித்த மாணவருக்கு இது கடைசி வரை பிடிபடாது.

‘மந்தமான கடத்தல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். சவ்வில் நீருக்குக் கால்வாயாக அமைந்த அக்வாபோரின் என்ற புரதம் இருக்கிறது. அதைக் கண்டறிந்ததற்காக பீட்டர் அக்ரி என்ற அறிவியலாளருக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரேயொரு அக்வாபோரின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரை கடக்க முடியும். இதுவா மந்தம்? ஏடிபியைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிற சோடியம் பம்பு, நொடிக்குச் சில நூறு அயனிகளைத்தான் நகர்த்துகிறது. ‘செயல்மிகு’ (ஆங்கிலத்தில் ‘ஆக்டிவ்’) என்று பெயர் வாங்கியது மெதுவாகப் போகிறது. ‘மந்தம்’ என்று பெயர் வாங்கியது பாய்கிறது. பெயர் வைத்தவர்கள் நிகழ்வைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்ததால் வந்த கோளாறு.

‘ஆற்றலற்ற கடத்தல்’ என்பதும் சரிப்படாது. ஆற்றல் இல்லாமல் எதுவும் நகராது. இங்கே செல்லின் ஆற்றல் செலவாகவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் என்னதான் சொல்வது? தமிழ் இதற்குத் தயாராகவே இருக்கிறது. நட, நடத்து. கிட, கிடத்து. கட, கடத்து. தானே செய்தால் தன்வினை, பிறரைச் செய்ய வைத்தால் பிறவினை. பழைய அகராதி முறைப்படி ‘கடத்தல்’ என்பது ‘கட’ என்பதன் தொழிற்பெயராகவும் நிற்கும். ‘கடத்து’ என்பதற்குக் ‘கடத்துதல்’ என்று தனி வடிவம் உண்டு. ஆனால் இன்று ‘கடத்தல்’ என்றால் ஒருவர் இன்னொன்றைக் கொண்டுபோவதாகத்தான் காதில் விழுகிறது. அந்த வழக்கை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ‘நட’ என்பதிலிருந்து நடப்பு, ‘கிட’ என்பதிலிருந்து கிடப்பு என்பதுபோல ‘கட’ என்பதிலிருந்து கடப்பு. பொருள் தானே தாண்டினால் அது கடப்பு. செல் தன் ஆற்றலைப் போட்டுத் தாண்ட வைத்தால் கடத்தல். தெளிவுக்காக முன்னதை ‘இயல்புக் கடப்பு’ என்றும் பின்னதை ‘உந்து கடத்தல்’ என்றும் எழுதலாம். வேறுபாடு வினையிலேயே இருப்பதால் அடைமொழியை மறந்தாலும் பொருள் மாறாது. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த வசதி இல்லை. இரண்டுக்கும் ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற ஒரே பெயர்தான்.

புரதம் துணை செய்கிற இடத்தில் ‘கடப்பு’ பொருந்துமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கால்வாய்ப் புரதத்தில் சிக்கல் இல்லை. ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது என்பதற்காக, நடந்து போகிறவரை யாரோ கடத்தினார் என்று சொல்ல மாட்டோம். சிவப்பணுவில் குளுக்கோசை உள்ளே விடுகிற குளூட்-1 புரதம் அப்படியல்ல. அது வடிவம் மாறி, ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் விடுகிறது, படகு போல. இங்கே ‘கடத்தல்’ என்பவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தப் படகைத் துடுப்புப் போட்டுத் தள்ள ஆளில்லை. உள்ளே குளுக்கோஸ் மிகுந்தால் அதே படகு வெளிப்பக்கமும் கொண்டுவிடும். திசையைத் தீர்மானிப்பது செறிவு வாட்டம், அதாவது இருபுறச் செறிவின் வேறுபாடு, மட்டுமே. அதனால் இதைத் ‘துணைக் கடப்பு’ என்று எழுதுவேன். ‘ஃபெசிலிடேட்டட் டிஃப்யூஷன்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து ‘எளிதாக்கப்பட்ட விரவல்’ என்று நீட்டி முழக்கத் தேவையில்லை.